பெட்டியின் பின்பக்கத் திருகு

லாயாங் லாயாங்
21 நவம்பர்

அன்புள்ள ஃபெலிசியா,

உன் கடிதம் நேற்று வந்தது. என் பதில் நீளும் என்று தோன்றுவதால், என்னென்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் வழி தவறினால் நீ இங்கே திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

1. நீ எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது.
2. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் அந்தப் பெட்டி தரும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாடு.
3. பெட்டியில் போட்டால் மின்விசிறி ஏன் உறுமுகிறது.
4. மீட்டர் காட்டிய நூற்றெண்பது வோல்ட், அதற்கு என்ன செய்யலாம்.
5. உங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடாது என்பதை நான் அறிந்திருக்கிறேன்.

முதலாவது. உன் மாமியாருக்கு நுரையீரல் பலவீனம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று பகலும் இரவும் அவர் கட்டிலருகே ஓடுகிறது. இந்த மழைக்காலத்தில் உங்கள் பக்கம் அடிக்கடி மின்சாரம் போகிறது. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அது சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே மாப்பிள்ளை விவேக் குளுவாங்கில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பெட்டி வாங்கி, லோரி பாட்டரியோடு இணைத்து வைத்திருக்கிறார். அதில் மின்விசிறியைப் போட்டுப் பார்த்தால் உறுமுகிறது. மீட்டர் வைத்தால் சுவரில் இருநூற்று முப்பதுக்குச் சற்று மேல், பெட்டியில் நூற்றெண்பதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இதில் அத்தையின் இயந்திரத்தை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "போன் வேண்டாம், போனில் நீங்கள் பேசாமல் இருப்பீர்கள், நான் கத்துவேன், எழுதுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறாய். அது நியாயம்தான். உன் புது எண்ணை நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஊஞ்சல் போன்றது. ஒரு பக்கம் மெல்ல ஏறி, உச்சியில் தயங்கி, இறங்கி, மறுபக்கம் ஏறுகிறது. ஒரு விநாடிக்கு ஐம்பது முறை இப்படி ஆடுகிறது. அந்த வளைவுக்குத்தான் சைன் அலை என்று பெயர். பாட்டரிக்கு ஆடத் தெரியாது. அது ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டி முதலில் பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை முந்நூற்றிருபத்தைந்தாக உயர்த்துகிறது. பிறகு உள்ளே இருக்கும் நான்கு மின்னணுச் சுவிட்சுகள் அதை வெட்டித் தருகின்றன. சிறிது நேரம் ஒரு பக்கம் முழுத் தள்ளு, சிறிது நேரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபக்கம் முழுத் தள்ளு, மறுபடியும் ஒன்றுமில்லை. ஊஞ்சலை வரையச் சொன்னால் படிக்கட்டை வரைந்து கொடுப்பது போல. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. தோராய சைன் அலை என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய்.

மூன்றாவது. பல்புக்கும் மின்சாரச் சோற்றுச் சட்டிக்கும் சூடுதான் வேண்டும். அலையின் வடிவம் அவற்றுக்குப் பொருட்டல்ல. மோட்டாருக்கு அது பொருட்டு. படிக்கட்டின் ஒவ்வொரு மூலையிலும் வேகமான சிறு அதிர்வுகள் ஒளிந்திருக்கின்றன. அவை மோட்டாரைச் சுழற்றுவதில்லை, சூடாக்குகின்றன, உறுமவைக்கின்றன. அத்தையின் இயந்திரத்துக்குள்ளும் ஒரு மோட்டார் உண்டு. சில இயந்திரங்கள் இதைத் தாங்கும், சில தாங்காது. கையேட்டைப் பார்ப்பது நல்லது. இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நான்காவது. நூற்றெண்பது குறைவு. குறைந்த அழுத்தத்தில் மோட்டார் திணறும். கடையில் கட்டித் தரும் இத்தகைய பெட்டிகளில், பின்பக்கம் ஒரு சிறிய துளைக்குள் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் படிக்கட்டின் அகலம் மாறும். மீட்டர் இருநூற்று முப்பது காட்டும்வரை திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவதை அதிகம் விளக்கத் தேவையில்லை. அங்கே நான் வெளியாள். ஆகவே மேலே சொன்னதை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் நான் வருந்தமாட்டேன்.

உன் மாமியார் ஆச்சியின் உடல்நலத்துக்காக ஜெபிக்கிறேன். அதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்,
அப்பா


பண்டார் தெங்காரா
27 நவம்பர்

அப்பா,

கடிதம் வந்தது. நான் மில் ஆபீஸிலிருந்து வீடு திரும்புவதற்குள் மாமா உறையைப் பிரித்துவிட்டார். மேலே இருந்தது என் பெயர்தான். ஆனால் இந்த வீட்டுக்கு எந்த உறை வந்தாலும் பிரிப்பது மாமா உலகப்பன்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்து, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் நுழைந்தபோது மூன்றாவதில் இருந்தார்.

"கேட்டியா ஆச்சி? மூலையிலதான் கோளாறு. மூலைதான் உறுமுதாம்."

அத்தை மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எந்த மூலை? நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த மூலையா?"

மூச்சு இழுத்துக்கொண்டே இவரால் எப்படி இப்படிப் பேச முடிகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான்கு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு நிற்க வேண்டும். ஆனால் அந்த நான்கையும் வீணாக்கமாட்டார்.

ஐந்தாவதைப் படித்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? நாங்க எப்ப உங்கப்பா பேச்சைக் கேக்கலை? அவரு பேசினாத்தானே கேக்க முடியும்? கல்யாணத்தன்னிக்கு வந்தாரு, தூணுக்குப் பின்னாடி நின்னாரு, பந்தி போடறதுக்குள்ள ஆளைக் காணோம்."

"சாப்பிடாமப் போன சம்பந்தி" என்றார் அத்தை. மூன்று வருடமாக உங்களுக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர்.

அப்பா, எனக்குக் கோபம் வேறு இடத்தில். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வைக்கலாமா, கூடாதா? நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஊஞ்சல், படிக்கட்டு எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் "தயக்கமாக இருக்கிறது". கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாம் ஓடும் லா அக்கா, பயப்படாதீங்க" என்கிறார். அவருக்குப் பயமே இல்லை, உங்களுக்குப் பயத்தைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் யாரை நம்புவது?

கல்யாணத்துக்கு முன்னாலும் இப்படித்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். நீங்கள் பன்னிரண்டு காரணங்களை எண் போட்டு எழுதிக் கொடுத்தீர்கள். கீழே, "முடிவு உன்னுடையது" என்று ஒரு வரி. பன்னிரண்டோடு யாரால் சண்டை போட முடியும்? அதில் ஏழாவது, அந்த வீட்டில் உன் பேச்சு எடுபடாது என்பது. இப்போது அதே வார்த்தையை உங்களுக்கே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

இங்கே என் பேச்சு எடுபடுகிறது. உங்கள் பேச்சும். நீங்கள் சொன்ன திருகை மாமா டார்ச் அடித்துக் கண்டுபிடித்துவிட்டார். "வாத்தியார் கையெழுத்துல இருக்கு, அப்புறம் என்ன?" என்கிறார். சனிக்கிழமை விவேக் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் மீட்டரை வைத்துத் திருப்பிவிடுவார்கள். கையேட்டையும் தேடினேன். அதில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேறு வழியில்லை, வைக்கப்போகிறோம்.

போன ஞாயிறு மதியம் கரண்ட் போனபோது, சிலிண்டரை மாற்றி மாட்டுவதற்குள் அத்தையின் உதடு நிறம் மாறிவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்குத் தயக்கம் வராது, அப்பா.

ஃபெலிசியா


லாயாங் லாயாங்
2 டிசம்பர்

ஃபெலிசியா,

திருகைத் திருப்ப வேண்டாம். திருப்பியிருந்தால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன் இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடு. வைக்கலாமா கூடாதா என்று கேட்டாய். கூடாது.

இனி காரணத்தைச் சொல்கிறேன். வரிசைப்படுத்த நேரமில்லை.

நேற்று பூசை முடிந்து, கோயிலில் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு விளக்குப் போடும் வேலையை ஃபாதர் என்னிடம் கொடுத்தார். கோயிலிலும் மைக்குக்காக உங்களுடையது போன்ற ஒரு பெட்டி இருக்கிறது. குடிலின் நட்சத்திரத்துக்குள் போடும் இழை பல்புகள் இரண்டு, பழைய காலத்துக் குண்டு பல்புகள், சேமித்து வைத்திருக்கிறேன். எரிகின்றனவா என்று பார்க்க, ஒன்றைச் சுவரிலும், சுவரில் இடமில்லாததால் மற்றதை அந்தப் பெட்டியிலும் செருகினேன். இரண்டும் ஒரே வெளிச்சம். உடன் நின்ற உன் பழைய தோழி டொரத்தியையும் பார்க்கச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். இதுல என்ன சந்தேகம்?" என்றாள்.

உன் நூற்றெண்பது நினைவுக்கு வந்து, பெட்டியில் மீட்டரை வைத்தேன். ஏறத்தாழ நூற்றெண்பது காட்டியது. நூற்றெண்பது வோல்ட்டில் எரியும் பல்பு மங்கிச் சிவந்து தெரிய வேண்டும். இதுவோ சுவரில் இருப்பதற்குச் சமமாக எரிந்தது. பல்பு பொய் சொல்லாது. அதற்குச் சூட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே மீட்டர்தான் தவறு.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நம்மிடம் இருப்பது போன்ற சாதாரண மீட்டர், உண்மையான அழுத்தத்தை அளப்பதில்லை. அலையின் சராசரியை எடுத்து, வருவது சைன் அலைதான் என்று தானே வைத்துக்கொண்டு, அதற்குரிய ஒரு பங்கைச் சேர்த்துக் காட்டுகிறது. வருவது ஊஞ்சலாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. படிக்கட்டாக இருந்தால் தவறு. உங்கள் பெட்டி தொடக்கத்திலிருந்தே சரியாக இருநூற்று முப்பதுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது மீட்டர் இருநூற்று முப்பது காட்டும்வரை திருப்பினால், உண்மையில் இருநூற்று அறுபது போகும். அதோடு மூலைகளின் சூடும் சேரும். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் இருநூற்று அறுபதுதான்.

நேற்று இதைக் கண்டபோது கவலைப்பட்டேன், ஆனால் பதறவில்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டு மூலையில் வைத்திருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். திருத்தத்தை நிதானமாக எழுதலாம் என்று படுத்துவிட்டேன். இன்று காலை உன் கடிதம் வந்தது. சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை கடந்துவிட்டது.

தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகவே அனுப்புகிறேன். மழையால் உங்கள் பக்கத்துச் சாலையில் நீர் ஏறியிருப்பதாக முகப்பில் இருந்தவர் சொன்னார். போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சொன்னார். எப்போது என்று அவர் சொல்லவில்லை.

அப்பா


லாயாங் லாயாங்
5 டிசம்பர், காலை

உலகப்பன் ஐயா அவர்களுக்கும் ஃபெலிசியாவுக்கும்,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விட்டால் இதைக் கொடுத்துவிடலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அனுப்பிய விரைவுத் தபால் குளுவாங்கிலேயே நிற்கிறது என்று தபால் நிலையத்தில் கணினியைப் பார்த்துச் சொன்னார்கள். டொரத்தியிடம் ஃபெலிசியாவின் எண்ணைக் கேட்டேன். அவளிடம் இருந்தது பழைய எண். அதை அழைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு மலாய்ப் பெண்மணி எடுத்தார், மிகவும் அன்பாகப் பேசினார், மன்னிப்புக் கேட்டு வைத்தேன். மாப்பிள்ளையின் எண்ணை நான் எப்போதும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இங்கே இடி இடித்து மின்சாரம் போயிற்று. அங்கேயும் போயிருக்குமா என்பதைத் தவிர வேறெதையும் அன்று என்னால் நினைக்க முடியவில்லை. நேற்றுக் கிளம்பலாம் என்றிருந்தேன், சட்டை மாற்றியும்விட்டேன். அழைக்காமல் ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்ததில் மாலையாகிவிட்டது.

இன்று பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் தோட்டத்து வேலையாக நான்கு சக்கர வண்டியில் அந்தப் பக்கம் போகிறார். "தண்ணி இருந்தா என்ன சார், இந்த வண்டி நீந்தும்" என்றார். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வரவில்லை, இருந்தாலும் ஏறுகிறேன்.

ஐயா, தயவுசெய்து உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆச்சியின் இயந்திரம் அந்தப் பெட்டியில் இருந்தால் கழற்றிச் சுவரில் மாட்டுங்கள். மின்சாரம் இல்லையென்றால் சிலிண்டருக்கு மாற்றுங்கள். திருகைத் திருப்பச் சொன்னது என் பிழை. குடிலின் பல்புகள் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றை வைத்துத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியும்.

அதிக நேரம் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பணிவுடன்,
அமலநாதன்


பண்டார் தெங்காரா
8 டிசம்பர்

அப்பா,

நீங்கள் வந்துபோனது எனக்கு நான்கு பேர் வாய்வழியாகக் கிடைத்திருக்கிறது. மாமா ஒரு மாதிரி சொல்கிறார், அத்தை ஒரு மாதிரி, பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்கா ஒரு மாதிரி. விவேக் சிங்கப்பூரில் இருந்தவர், அவரும் ஒரு மாதிரி சொல்கிறார். உங்களிடமிருந்து மட்டும் கிடைக்கவில்லை. நான் மில்லிலிருந்து வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

முதலில் உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மாமா உங்களிடம் இதைச் சொல்லவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

விவேக் சனிக்கிழமை திருகைத் திருப்பினார். மீட்டர் அழகாக இருநூற்று முப்பதுக்கு வந்தது. மாமா கைதட்டினாராம். செவ்வாய் மதியம் இங்கேயும் கரண்ட் போனது. வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். மாமா இயந்திரத்தைப் பெட்டியில் மாட்டினார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அதன் சத்தம் கூர்மையாகி, ரப்பர் கருகும் வாடை வந்து, ஒரு கூவல் கூவி நின்றுவிட்டது. மாமாவுக்குச் சிலிண்டரைத் திறக்கும் சாவி கைக்கு வரவில்லை. கத்தியிருக்கிறார். யோகேஸ்வரி அக்கா வேலியைத் தாண்டி வந்து மாட்டிவிட்டார். அதற்குள் அத்தைக்கு நினைவு தப்பித் தப்பி வந்ததாம். எனக்குப் போன் வந்தபோது நான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தேன்.

அத்தை நன்றாக இருக்கிறார். அதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

இப்போது கேளுங்கள். யாரும் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. "மிஷின் பழசு லா. பொட்டி மேல தப்பே இல்ல. வாத்தியார் சொன்ன அளவுலதான வச்சிருக்கோம்" என்று மாமா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இயந்திரம் கொடுக்கும் ஆள் புதன்கிழமை வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதை மாமா அதே பெட்டியின் பக்கத்தில், தயாராக, வயரை நீட்டி வைத்திருந்தார். அடுத்த தடவை கரண்ட் போனதும் மாட்டுவதற்கு. வியாழன் மாலை நீங்கள் வந்தீர்கள். வியாழன் இரவு இங்கே கரண்ட் போனது.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. மாமா சொன்னதை எழுதுகிறேன்.

வாசலில் யாரோ நிற்கிறார் என்று எட்டிப் பார்த்தாராம். மழை. குடை இல்லை. நீங்கள் கேட்டைத் திறக்காமல், கம்பிக்கு வெளியே நின்று, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த உறையை நீட்டினீர்களாம்.

"உள்ள வாங்க சம்பந்தி! மழையில நின்னுக்கிட்டு, எதுக்குத் தபால்காரரு மாதிரி நீட்டுறீங்க?"

"முதல்ல படிச்சிடுங்க ஐயா."

"உள்ள வந்து உக்காந்து படிக்கலாமே."

"இல்ல ஐயா. நீங்க படிங்க. நான் நிக்கிறேன்."

மாமாவும் அங்கேயே மழையில் நின்று படித்தாராம். முடித்ததும் உள்ளே ஓடி வயரைச் சுருட்டினாராம். அந்த வயசில் அவர் ஓடியதைத்தான் அத்தை திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார்.

பிறகு கைக்குட்டையிலிருந்து இரண்டு பல்புகளை எடுத்தீர்களாமே! ஒன்று சுவரில், ஒன்று பெட்டியில். பெட்டியில் இருந்தது கண்ணைக் கூசவைத்ததாம். மாமா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நீங்கள் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, அத்தை கட்டிலில் சாய்ந்தபடி நடுவர் மாதிரி சொல்லியிருக்கிறார். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், இப்ப ரெட்டைப் பிள்ளை."

முடிந்ததும் உங்களைப் பார்த்து, "வாத்தியாரே, இந்தப் பொட்டி பாடுற பாட்டுக்கு நான் ஆடிப் பாத்தேன், மூச்சு வாங்கிருச்சு" என்றாராம். நீங்கள் சிரிக்கவில்லையாம். அழுதுவிடுவீர்கள் போல இருந்ததாம். "இவரு கிட்ட தமாஷே சொல்லக் கூடாது போல" என்று என்னிடம் குறைப்பட்டார்.

அப்புறம் மாமா கோப்பி கலக்கப் போயிருக்கிறார். கொண்டுவந்து பார்த்தால் நீங்கள் இல்லை. திருச்செல்வம் வண்டி ஹாரன் அடித்ததாம். பல்புகள் இரண்டும் மேசையில் இருந்தன. கல்யாணத்தில் சாப்பிடவில்லை, இப்போது கோப்பியும் குடிக்கவில்லை. அத்தை இதை லேசில் விடமாட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். ஏன் போனீர்கள்? அரை மணி நேரம். உங்களைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. நான் என்ன, கடித்துவிடுவேனா?

இந்தக் கடிதத்தின் பின்பக்கம் என் எண்ணை எழுதியிருக்கிறேன். விவேக்கினுடையதையும். அழைக்க வேண்டும் என்றில்லை. கையில் இருக்கட்டும்.

வியாழன் இரவு அத்தையைச் சிலிண்டரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டியில் மின்விசிறியும் உங்கள் பல்புகளும்தான். உறுமியது. பரவாயில்லை.

ஃபெலிசியா


லாயாங் லாயாங்
12 டிசம்பர்

அன்புள்ள ஃபெலிசியா,

உன் கடிதத்தை நேற்று வாசித்தேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை உலகப்பன் ஐயா என்னிடம் சொல்லாமல் விட்டது ஏன் என்று இப்போது புரிகிறது. சொல்லியிருந்தால் என் கை திருகில் நின்றிருக்காது.

அந்தப் பழைய இயந்திரம் நின்றதில் என் இருநூற்று அறுபதின் பங்கு எவ்வளவு, மூலைகளின் பங்கு எவ்வளவு, அதன் வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அளக்க எந்த மீட்டரும் இல்லை. என் பங்கு சிறியது என்று சொல்லிக்கொள்ள மனம் விரும்புகிறது. அதனாலேயே அதை நம்பவில்லை.

மாப்பிள்ளைக்கு நேற்று மாலை போன் செய்தேன். ஆம், நான்தான். மூன்று தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன், நான்காவது தடவை அவரே திரும்ப அழைத்துவிட்டார். "மாமா, நீங்களா? எத்தனை தடவை லா மிஸ்டு கால் குடுப்பீங்க?" என்று சிரித்தார். எந்தப் பெட்டி வாங்க வேண்டும் என்று கேட்டார். உண்மையான சைன் அலை தரும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. அவையும் அதே பாட்டரியை, அதே விதமாக, சுவிட்சால்தான் வெட்டுகின்றன. ஆனால் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சிறியதும் பெரியதுமான துண்டுகளாக வெட்டி, வடிகட்டி, மூலைகளைக் கரைத்துவிடுகின்றன. படிக்கட்டு ஊஞ்சலாகிவிடும். ஆச்சியின் இயந்திரத்துக்கு அதுதான் வேண்டும், இயந்திரம் கொடுத்தவரிடமும் மாதிரி எண்ணைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தயங்காமல் சொன்னேன். அவரும் தயங்காமல், "சரி மாமா, சனிக்கிழமை வாங்கிட்டு வர்றேன். நீங்க வந்து பாருங்க. நீங்க பாக்காம மாட்ட மாட்டோம்" என்றார்.

உன்னை அழைக்கவில்லை. உன் எண்ணையும் அழுத்திப் பார்த்தேன். நீ எடுத்தால் நான் பேசாமல் இருப்பேன், நீ கத்துவாய் என்பது நினைவுக்கு வந்தது.

ஏன் போனேன் என்று கேட்டாய். திருச்செல்வம் ஹாரன் அடித்தது உண்மை. ஆனால் அவர் காத்திருந்திருப்பார். உன் மாமனார் அடுப்படியில் டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது. ஆச்சி கண்ணை மூடியிருந்தார். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. நீ வரும் நேரம். நீ கேட்டைத் திறந்து வரும்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. பல்புகளை வேண்டுமென்று விட்டுவரவில்லை. மறந்துவிட்டேன். குடிலின் நட்சத்திரம் இப்போது இருட்டாக இருக்கிறது. டொரத்தி தினமும் கேட்கிறாள். சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

சாப்பிடாமல் போகமாட்டேன் என்று ஆச்சியிடம் சொல். காரம் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சாப்பிடுவேன்.

இந்த வாரம் என் முதல் கடிதத்தை நினைவிலிருந்து வரி வரியாகச் சரிபார்த்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் சரி. நான்காவதில் மீட்டரைப் பற்றி எழுதியது தவறு. அதைத் திருகோடு சேர்த்துத் திருத்திவிட்டோம். ஆனால் அந்தத் தவறால் மட்டும் ஆபத்து வரவில்லை. மீட்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்திருந்தால் இன்னொரு முறை பார்த்திருப்பேன். நான் எதையும் இன்னொரு முறை பார்க்கிறவன். அன்று பார்க்கவில்லை. யாரும் செய்யப்போவதில்லை என்று நினைத்து எழுதியதால் பார்க்கவில்லை. அங்கே ஒரு மனிதர் என் கடிதத்தைச் சத்தமாகப் படித்து, டார்ச் அடித்துத் திருகைத் தேடி, நான் சொன்ன எண்ணில் நிறுத்தி, அதை நம்பித் தன் மனைவியின் மூச்சை அதில் மாட்டினார்.

என் பேச்சு எடுபடாது என்று ஐந்தாவதாக நான் எழுதியது தவறு, ஃபெலிசியா.

அப்பா